உங்கள் பூர்வீகம் எது?

ஆசிரியத் தொழிலில் இருப்போர் நாள்தோறும் நூறு வினாக்களையேனும் கேட்கின்றனர். கேட்பவனுக்கு மிக எளிதாகத் தோன்றும் ஒரு வினா, கேட்கப்படுபவர்க்கு எத்துணைப் பாரமாக அமையக்கூடும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பறையிலேயே நான் கற்றுக்கொண்டேன். அன்று நான் செய்த பிழையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குதல் பொருந்தும்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் பத்தாந்தர மாணவர்க்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘ஊர்’ என்னும் சொல் நமது பழைய இலக்கியங்களில் எவ்வெப் பொருள்களில் வழங்கியது என்பது அன்றைய பாடம். பாடத்துக்கு உயிரூட்டும் எண்ணத்துடன் மாணவரை ஒருவர் பின் ஒருவராக எழுப்பி, “உங்கள் பூர்வீகம் எது?” என்று வினவினேன். புங்குடுதீவு, காரைநகர், முள்ளியவளை, பூநகரி என விடைகள் வந்தன. ஜெயபுரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். சற்றுத் தயங்கிவிட்டு, “சாவகச்சேரி” என்றாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், “எந்தச் சாவகச்சேரி? அட்டனுக்குப் பக்கத்திலயோ?” என்றான். வகுப்புச் சிரித்தது. நான் அவனை ஏசி இருத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஏசப்பட வேண்டியவன் அவன் மாத்திரமல்லன் என்பது மாலையில் வீடு திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்லும் பழக்கமில்லாத ஒரு பிள்ளையை நாற்பது பேர் முன்னிலையில் பொய் சொல்ல வைத்தவன் நான் அல்லவா?

இதனோடு தொடர்புடைய வேறொன்றையும் கூறவேண்டும். 1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது, அந்நகரத்து மக்கள் எல்லோரையும்போல எமது குடும்பமும் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது வயது ஏழு. அக்கராயன் வழியாக மேற்கே சென்று, ஜெயபுரத்தில் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு ஐந்து மாதம் இருந்தோம். அவர்கள் தமது கிணற்றில் எமக்குத் தண்ணீர் தந்தார்கள். மழை பெருகிய இரவொன்றில் எங்களைத் தமது வீட்டுத் திண்ணையில் படுக்கவைத்தார்கள். அந்த மாணவியின் விடயம் மனத்தை அரித்த நாள்களில், அவ்வீட்டுக்காரரின் பெயர் என்னவென்று என் தாயாரிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதைவிட, அக்காலத்திலும் தெரிந்திருக்கவில்லை என்பதே சரி. “அதுகள் மலைநாட்டுச் சனம், நல்ல சனம்” என்றார். ஐந்து மாதம் ஒரு குடும்பத்தின் கிணற்று நீரைக் குடித்த எமக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது இவ்வளவே.

ஜெயபுரம் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்தது. முழங்காவில், பல்லவராயன்கட்டு ஆகிய ஊர்களை அடுத்துள்ளது. வடக்கு, தெற்கு என இரு கிராம அலுவலர் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. 1980களின் முற்பகுதியில், இன வன்செயல்களினால் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் துரத்தப்பட்ட மக்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர் அது. சாந்தபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம் எனக் கிளிநொச்சி மாவட்டத்தில் இத்தகைய ஊர்கள் பல உள. இவ்வூர்களின் பெயர்களை நாள்தோறும் பேருந்துப் பலகைகளில் படிக்கிறோம். அங்கிருந்து வருவோர் எமது வயல்களில் அருவி வெட்டினர். எமது வீடுகளுக்குக் கல்லரிந்தனர். எமது பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கின்றனர். ஆயினும் அவர்களது வரலாறு எமது வரலாற்று நூல்களில் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

அவ்வரலாறு 1980களில் தொடங்குவதன்று. வன்னி நிலத்தை அம்மக்கள் முதன்முதலாக மிதித்தது அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னராகும். இதனை எம்மவர் பலர் அறியார்.

1820களில் பிரித்தானியர் கண்டி மலைப்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடக்கினர். அடுத்த இரு தசாப்தங்களில் அது பெருகியது. அதற்கு வேண்டிய உழைப்பாளர் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தனர். பஞ்சமும் கடனும் சாதியொடுக்குமுறையும் அவர்களைப் பின்னிருந்து தள்ளின. கங்காணியின் முற்பணம் முன்னிருந்து இழுத்தது. தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர். மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் சென்ற அந்த வடபாதை, வன்னிக் காட்டின் தென்மேற்கு ஓரத்தை ஊடறுத்துச் சென்றது. தண்ணீரில்லாக் காடு, வாந்திபேதி, அம்மை, மலேரியா. நடக்கமாட்டாமல் விழுந்தவர்களைக் கூட்டம் விட்டுச் சென்றது. எத்தனை ஆயிரம் பேர் அப்பாதையில் மாண்டனர் என்பது அக்காலத்திலேயே பெருஞ் சர்ச்சைக்குரியதாயிற்று. பத்திரிகையாளர் ஒரு தொகை கூறினர். தோட்டத்துரைமார் அதனை மறுத்தனர். பிணங்களை எண்ணியோர் எவருமிலர்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். இதே காலத்தில் மொரீசியசுக்கும் பீஜித்தீவுக்கும் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கும் இந்திய உழைப்பாளர் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவ்வொப்பந்தம் அடிமைத்தனத்தின் மறுபெயர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தமையால் காகிதமும் இருந்தது. ஆளின் பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, கிராமம் என்பன பதியப்பட்டன. மொரீசியசில் 1860களிலிருந்து நிழற்படமும் எடுத்தனர். இன்று மொரீசியசுக்காரர் ஒருவர் மோக்கா என்ற இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குச் சென்றால், தமது பாட்டனின் பாட்டன் எக்கிராமத்திலிருந்து எக்கப்பலில் வந்தார் எனக் கண்டறிய வாய்ப்புண்டு. இலங்கைக்கு வந்தவர்க்கு அந்தக் கொடுமையான காகிதமும் இல்லை. இங்கு கங்காணிமுறை நிலவியது. தோட்டத்துரைக்குக் கங்காணியைத் தெரியும். கங்காணி எத்தனை தலைகளைக் கொண்டுவந்தான் என்பது தெரியும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு கிடைத்தது. தலைகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகரத் துண்டொன்றை வருவோரின் கழுத்திற் கட்டி அனுப்பும் முறை வந்தது. எவரை எத்தோட்டத்திற் சேர்ப்பது, செலவை எவரிடம் வாங்குவது என்று அறிவதற்காக. உழைப்பாளரை அறிதல் என்பதற்கு அன்றைய அரசும் முதலாளியும் கொண்ட பொருள் அதுவே.

கோப்பி 1870களிலும் 1880களிலும் இலைநோயினால் அழிந்து தேயிலை வந்தபோது நிலைமை மாறியது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். பெண்களின் கைகள் மிகுதியாக வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் நிலைத்தனர். வந்துபோனவர்கள் இருந்துவிட்டார்கள். ஆயினும் தோட்டம் என்பது வேலியிட்ட ஓர் உலகமாகவே இருந்தது. வெளியார் உட்செல்வது அத்துமீறல் எனத் தண்டிக்கப்பட்டது. உள்ளிருப்போர் கடன் துண்டின்றி வெளியேறவும் இயலாதிருந்தனர். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, ஒருவனுடைய கடன் எழுதப்பட்ட அத்துண்டே அவன் வேறு தோட்டத்துக்குப் போவதற்கான சீட்டாகவும் இருந்தது.

இந்த வேலியை ஒரு மனிதர் தாண்டிய விதம் எம்போன்ற ஆசிரியர்கள் சிறிது நேரம் நின்று நோக்கத்தக்கது. கோ. நடேசய்யர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர். வணிகவியல் கற்பித்த ஆசிரியர். இலங்கைக்கு வந்த அவர், தோட்டத்து மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறிய விரும்பினார். படித்த கனவானாகப் போனால் துரையின் பங்களாவுக்கு அப்பாற் செல்லவியலாது. ஆனால் புடவை வியாபாரிகள் லயங்களுக்குச் செல்ல அனுமதியிருந்தது. எனவே புடவை மூட்டையுடன் வியாபாரியாக வேடந்தரித்து உள்ளே நுழைந்தார். கண்டதைப் பின்னர் எழுதினார். ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிற் பாடல்கள் பாடியே அம்மக்களை அணுகினார். இவ்வரலாற்றையெல்லாம் தேடித் தொகுத்து எமக்குத் தந்தவர் தேயிலைத் தோட்டத்திலேயே தொழில்பார்த்த எழுத்தாளர் சாரல்நாடன் என்பதையும் நன்றியுடன் கூறவேண்டும். அவ்வாறே, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சேகரித்தார். கங்காணியின் பேரேட்டில் இல்லாத வாழ்வு அப்பாடல்களில் இருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறு படித்தபோது அவற்றை உவமைக்கும் சந்தத்துக்கும் எடுத்துக்காட்டாக எழுதிப் புள்ளி பெற்றேன். அப்பாடல்களைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஒருவர் அதே மண்டபத்தில் இருந்திருக்கலாம் என்று அன்று நான் எண்ணவில்லை.

சுதந்திர இலங்கை இம்மக்களிடம் முதலிற் கேட்ட வினா, “நீ யார்?” என்பதே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை எழுத்துச் சான்றுடன் காட்டவேண்டும். முன்னர் தகரத் துண்டை மாத்திரம் கழுத்தில் கட்டிய அதே ஆட்சிமுறையின் வாரிசுகள் இப்போது காகிதம் கேட்டனர்! ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். 1949இலேயே தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களது வாக்கையும் பறித்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 மனிதர்கள் இரு பிரதமர்களால் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று. அவர்களும் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முடிவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வரவேண்டியிருந்தது.

இச்சட்டங்களைச் சிங்களப் பெரும்பான்மை அரசின் செயல் என்று மட்டும் கூறிக் கையைக் கழுவுதல் நேர்மையாகாது. வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகளுள் ஒரு பகுதியினர் 1948இல் அவ்வரசிலே சேர்ந்தனர். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிரிந்து உதித்தமைக்கு அது முக்கிய காரணங்களுள் ஒன்று. எம்போன்ற இடதுசாரிச் சார்புடையோரும் தம்மைத்தாமே கேட்கவேண்டியவை உள. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குப் பலியான கோவிந்தனை நாம் தியாகி என நினைவுகூருகிறோம். பிரசாவுரிமைச் சட்டங்களை இடதுசாரிகள் அன்று எதிர்த்தனர், அது பெருமைக்குரியதே. ஆனால் 1964 ஒப்பந்தம் கைச்சாத்தான வேளை சமசமாசக் கட்சி அரசாங்கத்தில் இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மாண்டபோது, பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்தவர் அக்கட்சியின் மூத்த தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. ‘தோட்டத் தொழிலாளி வர்க்கம்’ என்ற தொடரை மேடையில் உரக்கச் சொல்பவர்க்கு அவ்வர்க்கத்தின் அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்திருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது மிகையாகாது.

அப்பட்டினியும், 1977ஆம் ஆண்டு ஆகத்து வன்செயலும், 1981இல் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களைச் சூறையாடிய வன்செயலும், இறுதியாக 1983 யூலையும் மக்களை வடக்கு நோக்கித் தள்ளின. 1958 முதலே சிலர் வந்திருந்தனர். வடக்கிலும் அவர்களை இழுத்த பொருளாதாரக் காரணம் இருந்தது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் இங்கு அப்பயிர்கள் பொன் விளைத்தன. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களின் நிலவுடையோருக்குக் கூலியாள் வேண்டியிருந்தது. காடு வெட்ட, களை பிடுங்க, அருவி வெட்ட, சூடு மிதிக்க மலைநாட்டு மக்கள் வந்தனர். இரணைமடு வாய்க்கால் பாயும் வயற்காணி முன்னரே எமது பாட்டன்மார்க்குப் பகிரப்பட்டுவிட்டது. பின்வந்தவர்க்குக் கிடைத்தது வாய்க்கால் ஏறாத மேட்டுக்காணி. நீர் எத்திசையிற் பாய்கிறது என்பதைப் பார்த்தாலே எமது மாவட்டத்தின் சமூக வரலாற்றிற் பாதியைப் படித்துவிடலாம்.

அகதிகளை மனிதராக மதித்துக் குடியமர்த்த முனைந்தோரும் இருந்தனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராசசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாவையும் அதனை அடுத்த பகுதிகளையும் மையமாகக் கொண்டு குடியிருப்புகளையும் சிறுவர் பாடசாலைகளையும் அமைத்தது. இருவரும் 1983இற் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் உயிர்தப்பிப் பல்லாண்டு தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சிக்குத் திரும்பி அவ்வாண்டே மறைந்தார். இத்தியாகத்தைக் குறைத்துக் கூறுவார் யாருமிலர். எனினும் எல்லைப்புறங்களில் அகதிகளை இருத்துவதை ஆதரித்த எம்மவருட் பலர், அவர்களை ஒரு வேலியாகவே கண்டனர் என்பதும் உண்மை. வேலிக்கு முதலில் வெட்டு விழும். முல்லைத்தீவு எல்லையிலிருந்த கென்ற், டொலர் பண்ணைகளில் குடியமர்ந்த மலைநாட்டு மக்கள் 1984இல் படையினரால் துரத்தப்பட்டனர். அவ்விடத்தில் அரசு குடியேற்றிய சிங்களக் கைதிகளும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளும் அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புலிகளாற் கொல்லப்பட்டனர். இரு கூட்டத்தாரும் பிறருடைய கணக்குக்காக அங்கு வைக்கப்பட்ட ஏழைகள்.

இப்போது வகுப்பறைக்கு மீளலாம். கழுத்துத் தகரத்தைப் பார்த்த கப்பற்றுறை அதிகாரி, சான்று கேட்ட பிரசாவுரிமை அலுவலர், 1958இலும் 1983இலும் வீதியை மறித்து ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொன்ன கும்பல், சோதனைச் சாவடிச் சிப்பாய், வாளித் தொகையை எழுதிக்கொண்டு போன நிவாரண நிறுவனத்தார் ஆகிய அனைவரும் இம்மக்களிடம், “நீ எந்த ஊர்?” என்றே கேட்டனர். ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்காகக் கேட்டனர். விடை கூறியதால் அவர்கள் பெற்ற நன்மை சொற்பம், இழந்தவை பல. அதற்குமேல், எமது வீடுகளில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் ஒரு வசைச் சொல்லாகப் புழங்கியது; இன்றும் முற்றாக ஒழியவில்லை. இந்நிலையில் ஒரு பிள்ளை “சாவகச்சேரி” என்று கூறியது பொய்யா, அனுபவத்தால் வந்த அறிவா?

மறைத்தல் எவ்வளவு நுண்மையாக நிகழ்கின்றது என்பதை மொழி படித்தவன் என்ற வகையில் பின்னர் கவனித்தேன். அப்பிள்ளைகள் பாடசாலையில் “அவையள் வருவினம்” என்பர். வேலி தாண்டி வீட்டுக்குள் புகுந்ததும் “அவுங்க வருவாங்க” என்பர். இங்கே ‘அம்மம்மா’, அங்கே ‘அம்மாயி’. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று தவறாமல், தடுமாறாமல், ஒரு நாளில் இருபது முறை வழக்கு மாற்றிப் பேசுகிறது. இதனை ஆற்றல் என்று பாராட்டிய ஆசிரியர் எவரையும் நான் கண்டதில்லை. குடிசன மதிப்பீட்டிலும் இம்மறைவு உண்டு. 1981இல் நாடு முழுவதும் ‘இந்தியத் தமிழர்’ 818,656 பேர். 2012இல் 839,504 பேர். முப்பதாண்டில் இத்தொகை ஏறத்தாழ நின்றுவிட்டதற்குத் தாயகம் திரும்பியோரும் போரும் காரணம் என்பது ஒருபுறமிருக்க, தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்துகொண்டோர் பலர் என்பதும் ஒரு காரணம். அதைத் தவறென்று கூற எனக்கு உரிமையில்லை. பிறந்த நாட்டைத் தன் நாடு என்பதில் என்ன குற்றம்? ஆனால் அச்சத்தினால் மாற்றியெழுதியவர்களும் அவர்களுள் இருப்பர்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அக்கராயன் வழிப் பேருந்திலேறி ஜெயபுரம் சென்றேன். கையில் குறிப்புப் புத்தகம் கொண்டுபோகவில்லை. தெரிந்த மாணவன் ஒருவன், எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். தேநீர் தந்தார். நான் வந்த காரியத்தைக் கூறினேன்.

“எங்க கதையையா கேக்குறீங்க மாஸ்டர்? அதுல என்னா இருக்கு?” என்றார். பின்னர் இரண்டு மணிநேரம் கூறினார்.

அவரிடம் ஆண்டுகள் இல்லை, பெயர்வுகளே இருந்தன. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் லயம் எரிந்த இரவு. தேயிலைச் செடிகளுக்குள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. வவுனியாவுக்கு லொறியில் வந்தது. இந்தக் காட்டில் முதற் கிணறு வெட்டியபோது கல் வந்தது. யானைக்குப் பயந்து இரவில் தீ மூட்டியது. 2008இல் ஊரைவிட்டுக் கிளம்பிக் கிழக்கே, மேலும் கிழக்கே என்று முள்ளிவாய்க்கால் வரை போனது. மகன் ஒருவன் திரும்பவில்லை. அதை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

தமது அப்பாயி சிறுமியாக இருந்தபோது இந்தியாவிலிருந்து நடந்து வந்தவர் என்றும் சொன்னார். வழியில் அப்பாயியின் தம்பிக்குப் பேதி கண்டது. “மரத்தடியில வெச்சிட்டு வந்துட்டாங்களாம். உசுரு இருந்துச்சா இல்லியான்னு அப்பாயிக்குத் தெரியாது. சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

அந்தப் பாதை எதுவென்று எனக்குத் தெரியும். 2009 மே மாதத்தின் பின்னர் இம்மூதாட்டி பல்லாயிரவரோடு முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த செட்டிகுளம் மனிக்பாம் முகாமும் எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் அவ்வீதிக்கு அணித்தேதான் அது இருந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து அவ்வம்மையார் வந்து சேர்ந்த இடம் அதுவென்று சொல்வதா, விடுவதா என்று தடுமாறினேன். வரலாறு கற்றவனின் அடக்கவியலாத ஆவலினாற் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தண்ணிக்கு வரிசையில நிக்கிற எடத்துலேருந்து அது எந்தப் பக்கம் மாஸ்டர்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை திசையைக் காட்டினேன்.

அதன்பின்னர் கேட்பவர் அவராகவும் விடை கூறுபவன் நானாகவும் ஆயினோம். எனது அப்பம்மாவின் பெயர் என்ன, அவர் எந்த ஊர், ஏன் கிளிநொச்சிக்கு வந்தார் என்றெல்லாம் வினவினார். தீவுப்பகுதியில் காணியில்லாமல் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர் என்றேன். “அப்ப நீங்களும் வந்தவுங்கதானா!” என்று சிரித்தார். 1996இல் இவ்வூரில் ஒரு வளவில் ஐந்து மாதம் இருந்ததையும், அவ்வீட்டார் பெயர் தெரியாமையையும் கூறினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு வளவு? வடக்கா, தெக்கா?”

தெரியவில்லை என்றேன்.

“கெணறு வீட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னால. கட்டு அரைவாசிதான் கட்டியிருந்தது.”

மூதாட்டி பேரனைக் கூப்பிட்டு, அடுத்த வீட்டுக் கிழவரை அழைத்துவரச் சொன்னார். பின்பு என் பக்கம் திரும்பி, “கெணத்தடியில நின்னது பாலை மரமா, வீரை மரமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். நான் ஏழு வயதுக்குத் திரும்பிப்போய் அந்த மரத்தின் இலையை நினைவுபடுத்த முயன்றுகொண்டிருந்தேன்.